மாட்யூல் அலாரம் அனுப்பவில்லை

பிப்ரவரி 12, திங்கள்

பிரஷர் 148/94.

டாக்டரம்மா உத்தரவு. காலையில் அளந்து எழுத வேண்டுமாம். கூடவே அன்றைக்கு எதற்கெல்லாம் கோபம் வந்தது என்றும் எழுத வேண்டுமாம். "ஒரு ரெண்டு மாசம் எழுதிட்டு வாங்க, அப்புறம் மாத்திரையக் கூட்டலாமான்னு பாக்கலாம்" என்றார். என் கோபத்தையெல்லாம் எழுதுவது என்றால் இந்த நோட்டு ஒரு வாரம் தாங்காது. மனைவி கோகிலாவிடம் சொன்னேன். "மொத வரியில என் பேர எழுதிராதீங்க" என்றாள். அவள் பேரை மொத்தம் பத்து வரிதான் தள்ளிப் போட முடிந்தது.

இன்றைய கோபம் இரண்டு. நல்ல தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் நான் வண்டியை எடுத்த பிறகு. அடுத்தது எங்கள் எம்.டி. ராஜாமணி. பல்லடத்துக் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வரும் வெள்ளிக்கிழமையே பெட்டியை மாட்டிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புரோகிராம் எழுதுகிறவன் நான், வாக்குக் கொடுக்கிறவர் அவர்.

பிப்ரவரி 13, செவ்வாய்

150/94.

டாக்டரம்மா இதைப் படித்தாலும் படிப்பார். அதனால் என் பிழைப்பு என்னவென்று ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

பொரிப்பகத்தில் செட்டர் என்று ஓர் அறை அளவுக்கு இயந்திரம் இருக்கும். உள்ளே முப்பத்தெட்டாயிரம் முட்டை. சூடு முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். ஏறினால் உள்ளேயே குஞ்சு செத்துப்போகும். எங்கள் கம்பெனிப் பெட்டி அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறினால் சைரன் அடிக்கும், மேனேஜர் போனுக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இரண்டு புரோகிராம்கள். ஒன்று நான் எழுதிய ஹோஸ்ட், பெட்டியையே நடத்துகிறது அதுதான். இன்னொன்று, எப்போது அலாரம் அடிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் மாட்யூல். ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் ஒவ்வொரு விதி என்பதால் மாட்யூலை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். அது வெப்அசெம்ப்ளி என்ற வகையில் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் ஓடுகிற மாதிரி. உள்ளே இருக்கும் மாட்யூலுக்கு ஃபைல் கிடையாது, நெட் கிடையாது, மணி எத்தனை என்றுகூடத் தெரியாது. எது வேண்டுமானாலும் சிஸ்டம் இன்டர்ஃபேஸ் என்கிற ஜன்னல் வழியாக என் ஹோஸ்டைத்தான் கேட்க வேண்டும். நான் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. நான் மணி கேட்கிற வசதியும் ஒரே ஒரு ஃபோல்டரும் கொடுத்திருக்கிறேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டின் அளவு அந்த ஃபோல்டரில் விழும். மாட்யூல் அதைப் படித்துவிட்டு 'அலாரம்' என்று ஒரு வரி எழுதினால் சைரன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மாட்யூலை எழுதுவது ஜெசிந்தா. தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே வேலை. காண்ட்ராக்ட். பதினோரு வருடம் வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சூட்டுடன் நேரத்தையும் அந்த ஃபைலில் எழுதித் தர முடியுமா என்று இன்று கேட்டார். எதற்கு? நேரம் வேண்டுமென்றால் மாட்யூல் ஹோஸ்டைக் கேட்கட்டும், அதற்குத்தானே இன்டர்ஃபேஸ் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

146/92.

ஜெசிந்தாவின் மாட்யூலில் இரண்டு விதிகள். சூடு 39.5-ஐத் தொட்டால் உடனே அலாரம். 38.3-ஐத் தாண்டி இருபது நிமிடம் அப்படியே நின்றாலும் அலாரம்.

இரண்டாவது விதியைச் சோதிக்க இருபது நிமிடம் குந்திக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஒரு வேலை செய்தேன். ஹோஸ்டுக்குள் ஒரு பொய்க் கடிகாரம் வைத்தேன். மாட்யூல் மணி கேட்டால் அந்தப் பொய்க் கடிகாரத்தைக் காட்டும். அது தானாக ஓடாது. என் சோதனைப் புரோகிராம்தான் முள்ளைத் தள்ளும். ஒரு நாள் முழுக்க நடக்கிற கதையை மூன்று வினாடியில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இருபதாவது நிமிடத்தில் டாண் என்று அலாரம் வந்தது. ஜெசிந்தா போனில் "சூப்பர் சார், இத எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். நாலு பேர் பாராட்டினால் பிரஷர் இறங்குகிறது என்பதையும் டாக்டரம்மா கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

154/96.

கோபத்துக்குக் காரணம் ஜெசிந்தா. மாட்யூல் உள்ளே என்ன நினைக்கிறது என்று எழுதிக் காட்ட அதற்கு ஒரு வழி, லாக் என்கிற குறிப்பேடு, வேண்டுமாம்.

"சார், அது உள்ள என்ன பாக்குது, என்ன கணக்குப் போடுதுன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒரு சின்ன லாக்கு மட்டும் தெறந்து விடுங்க. நான் கண்ணக் கட்டிக்கிட்டு நிக்கேன்."

முடியாது என்றேன். எதையும் திறந்துவிடாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டுக்கே அழகு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தால் அப்புறம் பூட்டு எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

நாளைக்குப் பல்லடம். இன்னும் பாதி வேலை பாக்கி.

பிப்ரவரி 16, வெள்ளி

அளக்க நேரமில்லை.

பெட்டியை மாட்டியாகிவிட்டது. பொரிப்பக மேனேஜர் பொன்னுசாமி, ராஜாமணி, நான். சென்சாருக்குப் பக்கத்தில் ஹேர் டிரையரைப் பிடித்தேன். 39.5-ஐத் தொட்டதும் சைரன் போட்ட சத்தத்தில் பொன்னுசாமி காதைப் பொத்திக்கொண்டார். "அடேங்கப்பா, ஊரையே எழுப்பிருமாட்ட இருக்குதுங்க!" என்று சிரித்தார். ராஜாமணி என் முதுகில் தட்டினார். இருபது நிமிட விதியையும் காட்டலாமா என்று கேட்டேன். "அட, அதெல்லாம் ஆபீஸ்லயே பாத்தாச்சல்ல" என்று சொல்லி எங்களைச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் ஹேர் டிரையரைப் பிடித்துக் கை வலித்துப்போயிருந்தேன்.

நாட்டுக்கோழிக் குழம்பு. பொரிப்பகத்துக்குப் போய்விட்டு வேறு எதைச் சாப்பிடுவது.

பிப்ரவரி 26, திங்கள்

138/88. பல்லடத்தில் இன்று புதிதாக முட்டை அடுக்கியிருக்கிறார்கள். கோபம் எதுவும் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

மார்ச் 1, வெள்ளி

136/88.

ஜெசிந்தாவை ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நிரந்தரம் ஆக்குவதாக ராஜாமணி சொன்னார். நான்தான் போனில் செய்தியைச் சொன்னேன். மறுமுனையில் அழுதுவிட்டார்.

"நெசமாவா சார்? எங்க மாமா கிட்ட இப்பவே சொல்லணும். 'படிச்சதெல்லாம் மறந்துபோய் உக்காந்திருக்க, ஒனக்கு எவன் வேல குடுக்கான்'னு தெனம் ஒரு பாட்டு பாடுவாவ. வீட்டுக்காரரு துறைமுகத்துல இருந்து வந்த உடனே நீங்க சொன்னத சொல்லுதேன்."

அவர் மாமா என்பது மாமனார். நல்ல காரியம் சொல்லி ஒருத்தரை அழ வைப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன். மத்தியானம் முழுக்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 11, திங்கள்

156/98.

காலை ஏழரைக்குப் பொன்னுசாமியிடமிருந்து போன்.

"என்னங் சார், உங்க பொட்டி ஒரு சத்தங்கூடப் போடலீங்களே!"

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பாதி ஆட்கள் லீவு. காலை பதினொன்றரைக்கு செட்டரின் விசிறி பெல்ட் அறுந்திருக்கிறது. சூடு மெல்ல ஏறி 38.9-இல் போய் நின்றுவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் போய்ப் பார்க்கும்வரை அப்படியே நின்றிருக்கிறது. 39.5-ஐத் தொடவே இல்லை. அதனால் முதல் விதி அடிக்காது. ஆனால் இரண்டாவது விதி பதினெட்டு தடவை அடித்திருக்க வேண்டும். ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

ராஜாமணி என்னைக் கேட்டார். நான் ஜெசிந்தாவைக் கேட்டேன். என் குரல் நன்றாக இருந்திருக்காது. "நான் பாக்கேன் சார், இப்பவே பாக்கேன்" என்றார். முட்டைகளுக்குப் பதின்மூன்று நாள் வயது. பதினெட்டாம் நாள் விளக்கில் பிடித்துப் பார்த்தால்தான் எத்தனை பிழைத்திருக்கிறது என்று தெரியுமாம்.

இன்றைக்கு ஜெசிந்தா மேல்தான் கோபம். எழுதியாகிவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

160/102. மெஷின் சரியில்லையோ என்று மூன்று தடவை அளந்தேன். மூன்றும் அதே.

காலையில் ஆபீஸில் என் ஹோஸ்டின் புரோகிராம் வரிகளைத் திறந்தேன். ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றுதான். ஒரு இடத்தில் கண் நின்றது. மூடிவிட்டு எழுந்து போய் டீ குடித்தேன். திரும்ப வந்து திறந்தேன். அதே வரி அங்கேயேதான் இருந்தது.

கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான், நான்தான் உள்ளே உருட்டினேன். கோகிலா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்ன ஒரு மாதிரி இருக்கீங்க என்றாள். சிலிண்டர் கனம் என்றேன்.

மார்ச் 13, புதன்

158/100.

காலை பத்து மணிக்கு, பெட்டி மாட்டியிருக்கும் நாலு இடத்துக்கும் ஹோஸ்டின் புதிய பதிப்பை அனுப்பினேன். 'வழக்கமான பராமரிப்பு' என்று குறிப்புப் போட்டேன். மாறியது ஒரு வரி. பொய்க் கடிகாரத்தை எடுத்துவிட்டு நிஜக் கடிகாரத்தை வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஜெசிந்தா கூப்பிட்டார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை போலிருந்தது குரல்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். சூடு ஏறுன நேரத்த நான் குறிச்சு வைக்கேன், அப்புறம் இப்ப மணி என்னன்னு கேட்டுக் கழிக்கேன். இவ்ளவுதான். ஹோஸ்ட்டு எனக்கு நேரத்தச் சரியாத்தான குடுக்கு?"

"சரியாகத்தான் கொடுக்கிறது. இப்போதுகூடப் பார்த்தேன்" என்றேன்.

பதினொரு மணிக்கு அது உண்மை.

அவர் கேட்ட லாக்கை அன்றைக்கே திறந்துவிட்டிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். முள் பிப்ரவரி பதினாலாம் தேதியை விட்டு நகரவே இல்லை என்று மாட்யூலே எழுதிக் காட்டியிருக்கும். ஆபீஸில் முள்ளைத் தள்ள என் சோதனைப் புரோகிராம் இருந்தது. பல்லடத்தில் தள்ள ஆளில்லை. ஆறரை மணி நேரம் அந்த மாட்யூல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மணி கேட்டிருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் அதே மணியைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே, பிறகு எதற்கு அலாரம் என்று அது பேசாமல் இருந்திருக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

மார்ச் 14, வியாழன்

162/100. டாக்டரம்மாவுக்கு இந்த நோட்டைக் காட்டப் போவதில்லை. அளவை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மார்ச் 15, வெள்ளி

அளக்கவில்லை.

பல்லடம் போனேன். ராஜாமணி வரவில்லை, என்னை அனுப்பினார். இருட்டு அறையில் விளக்குமேல் முட்டைகளை வைத்துப் பொன்னுசாமி காட்டினார். உயிர் இருந்தால் உள்ளே மெல்ல அசையும். முதல் முட்டையில் அசைந்தது. பிறகு வரிசையாக ஏழு முட்டைகள், ஒன்றிலும் அசைவில்லை. எட்டாவதில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அவர் முட்டையைத் திருப்பியதுதான்.

"இருவது வருசமா இதுலயே கெடக்கறனுங்க. இப்படிப் பாத்ததில்ல. ஞாயித்துக்கெழம நான் ஊர்லயே இல்லீங்க, பொட்டி இருக்குதேன்னு தைரியமாக் கல்யாணத்துக்குப் போயிட்டனுங்க" என்றார்.

யாருடைய தப்புங்க என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். திரும்பி வரும்போது சூலூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

மார்ச் 18, திங்கள்

பதினோராயிரம் குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. மீதி இருபத்தேழாயிரம் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

164/104.

பொரிப்பகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார் ராஜாமணி. நான்தான் எழுத வேண்டுமாம், பெட்டியை முழுக்கத் தெரிந்தவன் நான்தானாம்.

எழுதினேன். சென்சார் சரியாக வேலை செய்தது. சூட்டின் அளவுகள் மாட்யூலுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. சைரனில் கோளாறு இல்லை. மாட்யூல் அலாரம் அனுப்பவில்லை. மாட்யூலை எழுதியவர் திருமதி ஜெசிந்தா.

ஐந்து வாக்கியங்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை. எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் கோகிலாவிடம் பாதியைச் சொன்னேன். அவளுக்குப் பாதி போதும், மீதியை அவளே பிடித்துவிடுவாள். தோசைக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க வாயத் தொறந்தா குஞ்செல்லாம் திரும்பி வருமாங்க?"

"வராது."

"அப்புறம் எதுக்கு? பேசாம இருங்க. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க."

அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் இன்றைய கோபம்.

மார்ச் 20, புதன்

ஜெசிந்தாவின் காண்ட்ராக்டை முடித்துவிட்டார் ராஜாமணி. நிரந்தரம் என்ற பேச்சும் போயிற்று. இரண்டு வரி மெயில். எனக்கும் நகல் வந்தது.

மத்தியானம் ஜெசிந்தா கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுத்தேன்.

"சார், நான் வேலைக்காகக் கூப்பிடல. எனக்கு என் தப்பு எங்கன்னு மட்டும் சொல்லுங்க. பதினஞ்சு தடவ படிச்சிட்டேன். எங்கயும் தட்டுப்படல. எனக்கே எம்மேல நம்பிக்க போயிட்டு சார்."

மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "சரி சார், நீங்க பாத்தா கண்டுபிடிச்சிருவீங்க" என்றார். இந்த வார்த்தைக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

மார்ச் 21, வியாழன்

170/104. மாத்திரையை நானே இரண்டாக்கிக்கொண்டேன்.

மார்ச் 23, சனி

தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்து வழிந்து, பக்கத்து வீட்டம்மா கத்தும்வரை மோட்டாரை நிறுத்தத் தோன்றவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

ஜெசிந்தாவிடமிருந்து மெயில். மாட்யூலைத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறார், யாரும் கேட்காமல், வேலையும் இல்லாமல். இந்தப் புதியதில் மணியே கேட்கவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு அளவு வருகிறது அல்லவா, நாற்பது அளவை எண்ணினால் இருபது நிமிடம். விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி. 'நான் நேரத்தைக் கழித்த விதத்தில்தான் ஏதோ எனக்குப் புரியாத தப்பு இருக்க வேண்டும். அதனால் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டேன். அடுத்த பொரிப்பகத்துக்காவது உதவட்டும்' என்று எழுதியிருக்கிறார்.

ஓட்டிப் பார்த்தேன். நின்றுபோன கடிகாரத்தைக் கொடுத்தும் இருபதாவது நிமிடத்தில் சரியாக அலாரம் அனுப்பியது. சரியாக இருந்ததை அழித்துவிட்டு, என் தப்புக்குத் தாக்குப்பிடிக்கிற ஒன்றை எழுதியிருக்கிறார், தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு.

மார்ச் 27, புதன்

ராஜாமணியிடம் சொல்லிவிட்டேன். முழுசாக. அந்த வரியைத் திரையில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"ஏப்பா மகுடேசு, ரிப்போர்ட்டு போயாச்சு. இப்ப எதுக்கு இதக் கெளர்றே?"

"அந்தம்மா பேரு போயிருச்சுங்க."

"காண்ட்ராக்ட்டுதானப்பா அந்தம்மா. வேற எடத்துல சேந்துக்கும். நாம தப்புன்னு எழுதிக் குடுத்தா மத்த மூணு பொரிப்பகத்துக்காரனும் பொட்டியக் கழட்டி ரோட்ல வெச்சிருவான். இதோட உட்ரு."

விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது ஏதோ கடமையை முடித்துவிட்ட மாதிரி இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு. இரண்டு மணி நேரம் அந்த நினைப்பிலேயே ஓட்டினேன்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி, ஆபீஸ் லீவு. 168/102. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

மார்ச் 30, சனி

பொன்னுசாமி கூப்பிட்டார். பெட்டியில் கோளாறோ என்று பதறி எடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க சார், ஒரு வெவரம். திருப்பூர்ல இதே மாதிரி பொட்டி பண்ற கம்பெனிக்காரர் ஒருத்தர் பேசுனாருங்க. தூத்துக்குடியில இருந்து ஜெசிந்தான்னு ஒரு அம்மா வேலைக்கு எழுதிப் போட்டிருக்குதாமா. நம்ம பல்லடத்து வேலையப் பாத்தேன்னு போட்டிருக்குதுங்க. எப்படின்னு என்னையக் கேக்கறாருங்க. நம்ம குஞ்சையெல்லாம் கொன்னுபோட்டது அந்தம்மா தானுங்களே?"

இதுவரை என்னை யாரும் இப்படி நேராகக் கேட்கவில்லை. அறிக்கையில் ஐந்து வாக்கியங்கள் எழுதிவிடலாம். போனில் ஒரு மனிதர் ஆமாவா இல்லையா என்று கேட்டால் அதில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஆமாங்க என்று சொன்னால் அது பச்சைப் பொய். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"இல்லீங்க" என்றேன். "நானுங்க."

"என்னங்க?"

"தப்பு என் பக்கமுங்க. அந்தம்மா எழுதுனது சரியாத்தான் இருந்துச்சு. நான் வெச்ச கடிகாரம் ஓடலீங்க. அறிக்கையில அத மறச்சுட்டேன்."

பின்னால் கோழிகள் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. "எங்கூட விளக்குக்கிட்ட நின்னீங்களே சார்" என்றார். அப்புறம் வைத்துவிட்டார்.

உட்கார்ந்து மெயில் எழுதினேன். எந்த வரி, எந்த நாளிலிருந்து, யாருடையது, எப்போது கண்டுபிடித்தேன், எப்போது ரகசியமாகத் திருத்தினேன். பொன்னுசாமிக்கும் ராஜாமணிக்கும் ஜெசிந்தாவுக்கும் ஒரே மெயில். திருப்பூர்க் கம்பெனிக்கும் காட்டலாம் என்று கடைசியில் போட்டேன். கோகிலா பின்னால் நின்று படித்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். "அந்தப் புள்ள பேருக்கு முன்னாடி திருமதின்னு போடுங்க, அந்த ரிப்போர்ட்ல போட்டீங்கல்ல" என்றாள். போட்டு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் ராஜாமணியின் போன். கத்தவில்லை. "திங்கக்கெழம லேப்டாப்பக் குடுத்துட்டுப் போயிரு" என்றார்.

பயமாக இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

மத்தியானம் ஒரு மணிக்கு ஜெசிந்தா கூப்பிட்டார். பின்னால் நிறையப் பேச்சுக் குரல், பாத்திரச் சத்தம். மெயிலுக்கு நன்றி சொல்வார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"சார், மெயில் பாத்தேன். இங்கிலீஷ்ல இருக்கு. இன்னைக்கு ஈஸ்டரு, எல்லாரும் சாப்பிட வந்திருக்காவ. மாமா, எங்க வீட்டுக்காரரு, நாத்தனாரு எல்லாரும் இருக்காவ. நான் சொன்னா நம்ப மாட்டாவ. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களே தமிழ்ல சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்வதற்குள் அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.

ஹோஸ்ட், மாட்யூல் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று தெரியும். "உங்க ஜெசிந்தா எழுதுன கணக்கு சரிங்க. அது எங்கிட்ட மணி என்னன்னு கேக்கும். நான்தான் சொல்லோணும். நான் நின்னுபோன கடிகாரத்தப் பாத்துச் சொல்லிட்டிருந்தேன். அதனால அலாரம் அடிக்கல. குஞ்சு செத்தது என்னாலங்க" என்றேன்.

ஒரு பெரியவர் குரல் கேட்டது. மாமனார் என்று நினைக்கிறேன்.

"அப்ப எம் மருமவ மேல தப்பு கெடையாது?"

"கெடையாதுங்க. துளிகூடக் கெடையாதுங்க."

"இது ஒமக்கு என்னைக்குத் தெரியும்?"

"பன்னெண்டாந் தேதிங்க."

"இன்னைக்கு முப்பத்தொண்ணு."

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"பயந்துட்டேனுங்க" என்றேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

யாரோ ஒரு பெண், "விடுங்க மாமா, சாப்பிடுங்க" என்றது கேட்டது. பிறகு அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது. என்னிடம் பேசினாரா, அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடமா என்று தெரியவில்லை.

"பத்தொம்பது நாளு. இந்தப் புள்ள சாப்பிடாம அந்தக் கம்ப்யூட்டர வெச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் போற வாரப்பல்லாம் கேட்டேன், எத்தன உயிரக் கொன்னேன்னு. அது தலையத் தூக்கல. என்ன கேட்டாலும் தலையத் தூக்கல."

ஜெசிந்தா போனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்தது தெரிந்தது.

"போதும் சார். வைக்கேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தார்.